வீட்டில் இருந்துகொண்டே நியாயம் கேட்கலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கொடுமை தாங்காத பெண்கள் ஏன் வெளியே வருவதில்லை என்று கேட்டு உங்கள் மகளிர் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். சின்னாளப்பட்டியில் பல ஆண்டுகளாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். என் கடைக்கு வரும் பெண்கள் அந்தக் கேள்விக்குச் சொல்லும் பதில் இதுதான்: "போலீசுக்குப் போனால் அவரை உள்ளே வைத்துவிடுவார்கள். பிறகு நானும் பிள்ளைகளும் எந்த வீட்டில் இருப்பது?"

ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கிறவளுக்குப் பல விஷயங்கள் கண்ணில் படும். நல்ல வெயில் காலத்தில் கையை முழங்கைக்குக் கீழே இறக்கித் தைக்கச் சொல்வார்கள். தோளில் டேப்பை வைத்தாலே சிலர் உடம்பு சுருங்கும். ஆனால் அடியின் தடம் இல்லாதவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். நூல் மில்லில் வேலை செய்கிற ஒரு பெண். (யாரென்று தெரியாதபடி சிலவற்றை மாற்றி எழுதுகிறேன்.) சம்பளம் வங்கியில் ஏறும், ஏடிஎம் கார்டு கணவரிடம். அரசு தரும் மகளிர் உரிமைத் தொகை வந்தாலும் குறுஞ்செய்தி போவது அவருடைய போனுக்குத்தான். தைத்த துணியை வாங்கக் கூலி இல்லாமல் வாரக்கணக்கில் கடை வாசலைத் தவிர்த்துக்கொண்டு போவாள். அம்மா வீட்டோடு பேசினால் அன்று இரவு முழுக்க ஏச்சு. "அவர் கை நீட்டினதே இல்லை அக்கா" என்று அவளே அவருக்காகப் பரிந்து பேசுவாள்.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் இதையும் வன்முறை என்றே சொல்கிறது. உடலை வருத்துவது, பாலியல் கொடுமை, சொல்லாலும் மனத்தாலும் வதைப்பது, பணத்தை முடக்குவது எல்லாமே அதில் அடங்கும். மனைவிக்கு மட்டுமல்ல, ஓய்வூதியத்துக்காக மகனிடம் அடிபடும் தாய்க்கும், அண்ணன் வீட்டில் வதைபடும் தங்கைக்கும் அது பொருந்தும்.

இந்தச் சட்டத்தின் அருமை என்னவென்றால், முதல் படியிலேயே யாரையும் சிறைக்கு அனுப்பச் சொல்வதில்லை. விவாகரத்தும் கேட்க வேண்டியதில்லை. மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அவர் நடந்ததை அறிக்கையாக எழுதி நடுவர் நீதிமன்றத்துக்கு அனுப்புவார். அடிக்கக் கூடாது, பின்தொடரக் கூடாது, வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது, செலவுக்குப் பணம் தர வேண்டும் என்றெல்லாம் நீதிமன்றம் உத்தரவு போடலாம். மீறினால்தான் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம். வீடு மாமனார் பெயரில் இருந்தாலும், அவள் மருமகளாக வாழ்ந்த வீடென்றால் அங்கே தங்கும் உரிமையைக் கேட்கலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கிவிட்டது.

அந்த மில் பெண் 181 என்ற மகளிர் உதவி எண்ணை என் கடைப் போனிலிருந்துதான் அழைத்தாள். அவளுடைய போனைக் கணவர் தினமும் பார்ப்பார். இப்படிப்பட்ட நிலையில் இருப்பவர்கள் வேறொருவர் போனில் பேசுவதே பத்திரம். இரவிலும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. உயிருக்கே ஆபத்து என்றால் 112. அடிபட்டிருந்தால் அரசு மருத்துவமனைச் சீட்டைக் கட்டாயம் வாங்கி வைக்க வேண்டும். ஆதார், குடும்ப அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ், நகை ரசீது ஆகியவற்றின் நகலை நம்பகமான ஒருவரிடம் கொடுத்து வைப்பது நல்லது. அன்றிரவே கிளம்ப வேண்டி வந்தால் பாதிக்கப்பட்ட பெண்களுக்காக அரசு நடத்தும் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தற்காலிகமாகத் தங்கலாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் வைத்துத் தருவது சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் கடமை. அதற்கு எண் 15100.

எல்லாம் சுலபமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். மனுவை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். அவளுக்கு அதைவிட நெடுநாள் இழுத்தது. வாய்தாவுக்குப் போகிற நாளெல்லாம் மில்லில் சம்பளம் போயிற்று. இதை அரசு சரிசெய்தே ஆக வேண்டும். ஆனால் இடைக்கால உத்தரவு முன்னதாகவே கிடைத்தது. இப்போது கார்டு அவள் கையில், குடியிருப்பதும் அதே வீட்டில்.

அக்கம்பக்கத்தாரிடம் ஒன்று சொல்ல வேண்டும். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுப்பவர் மீது வழக்கு வராது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலரிடம் தெரிவிக்கலாம். தயவுசெய்து கணவரிடம் போய் நியாயம் பேசாதீர்கள். கதவு சாத்திய பிறகு அதற்கும் சேர்த்து அவள்தான் வாங்குவாள். "கொஞ்சம் அனுசரித்துப் போ" என்றும் சொல்லாதீர்கள். அவள் ஏற்கெனவே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கம் விலையையும் அணை நீர்மட்டத்தையும் தினமும் வெளியிடுகிறீர்கள். அதன் பக்கத்தில் 181 என்ற எண்ணையும், அந்தந்த மாவட்டப் பாதுகாப்பு அலுவலரின் அலுவலக முகவரியையும் போடுங்கள். வெட்டியெடுத்து என் கடைக் கண்ணாடியில் ஒட்டி வைக்கிறேன்.

(பெயர் வெளியிட வேண்டாம்)
வாசகி, சின்னாளப்பட்டி