தோல்வேலைக் கைவினைஞர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, தொண்டி முதல் வாலிநோக்கம் வரை கடலோர ஊர்களிலிருந்து வந்திருக்கும் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் சங்கம் செய்த பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். இந்த அறிக்கையின் பெரும்பகுதி ஒரே விஷயத்தைப் பற்றியது. புதிதாகச் சேர்ந்தவர்கள் எந்தத் தொழிலிலிருந்து வந்தார்கள், அங்கே பழகிய கை தோலில் எந்த இடத்தில் உதவியது, எந்த இடத்தில் கெடுத்தது என்பதைப் பயிற்றுநர்கள் ஆண்டு முழுவதும் குறித்து வைத்தார்கள். முன்பு எல்லோருக்கும் ஒரே பாடம்தான்: வெட்டு, துளை, தை. இந்த ஆண்டு அதைக் கைவிட்டோம். அவரவர் பழைய தொழிலைக் கேட்டுவிட்டே முதல் பாடத்தைத் தீர்மானித்தோம். தோல் வீணாவது கண்ணுக்குத் தெரியக் குறைந்திருக்கிறது.

மீன்பிடித் தடைக்காலம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். நம்மிடம் புதியவர்கள் அதிகம் வருவதும் அந்த இரண்டு மாதங்களில்தான். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து வலை பொத்தத் தெரிந்தவர்கள் வந்தார்கள். ஊசியும் நூலும் இவர்களுக்குப் புதிதல்ல. நூலை முறுக்கில்லாமல் நீவுவது, ஒரே இழுவிசையில் மணிக்கணக்காக வேலை செய்வது, அளவுகோல் இல்லாமல் ஒரே கண் அளவைக் காப்பது எல்லாம் வந்த அன்றே கைவசம் இருக்கின்றன.

தவறு இழுவையில் நிகழ்கிறது. வலையில் முடிச்சு இறுக வேண்டும். தோலின் கைத்தையலில் முடிச்சே கிடையாது. ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசிகளும் எதிரெதிராகப் போய் வரும் இரட்டை ஊசித் தையல் நம்முடையது. 2 மி.மீ. தோலில் வலைக்காரர் இழுக்கும் வேகத்தில் இழுத்தால் துளை நீண்டு, விளிம்பு சுருங்கி அலை அலையாகிவிடும். நூல் கோட்டுப் பள்ளத்தில் அமர்ந்ததும் கை நிற்க வேண்டும். காய்ப்பேறிய விரலுக்கு அந்த இடம் தெரியாது. அதனால் கண்ணால் பார்த்து நிறுத்தச் சொல்லிக்கொடுத்தோம்.

இரண்டாவது தவறு நூல். வீட்டில் கிடக்கும் தங்கூசியை, அதாவது மீன்பிடி நைலான் நரம்பைக் கொண்டுவந்து தைக்கப் பார்க்கிறார்கள். அது மெழுகு பிடிக்காது, சுருண்ட வடிவை விடாது, இழுபடும்போது துளையின் ஓரத்தைக் கத்திபோல் அறுக்கும். மெழுகேற்றிய 0.8 மி.மீ. பாலியெஸ்டர் நூலோ, தேன்மெழுகு தேய்த்த லினன் நூலோதான் சரி. நீளத்துக்கு அவர்களுடைய அளவையே பாடமாக்கினோம். 3 மி.மீ. மொத்தத் தடிமனில் தையல் நீளத்தைப்போல் நான்கு மடங்கு நூல் வேண்டும், 45 செ.மீ. தையலுக்கு ஏறத்தாழ ஒரு பாகம், அதாவது இரு கைகளையும் விரித்த நீளம். ஒரு பாகத்துக்கு மேல் எடுத்தால் நூல் பலமுறை துளை வழியாக உரசி, பஞ்சாகப் பிரியும். நீளமான தையலுக்கு நடுவில் புது நூல் தொடங்கலாம். மூன்று துளை பின்னே வந்து தைத்து முடித்தால் போதும்.

இன்னொன்றையும் எல்லோரும் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது ஊசி முதல் நூலையே குத்திவிட்டால் அப்புறம் இறுக்கவும் முடியாது, பிரிக்கவும் முடியாது. இரண்டாவது ஊசி நுழையும்போது முதல் நூலைச் சற்றுப் பின்னே இழுத்துக்கொண்டே நுழைத்தால் இது நேராது. எந்தப் பக்க ஊசி முதலில் போகிறதோ கடைசி வரை அதுவே முதலில் போக வேண்டும். மாற்றினால் சாய்வுத் தையல் நடுவில் ஒரு கண் மட்டும் நேராக நின்று காட்டிக்கொடுக்கும்.

தையல் மிஷினிலிருந்து வந்தவர்கள்

ராமநாதபுரம், பரமக்குடிப் பக்கத் தையல்கடைகளில் வேலை செய்த பெண்கள் இந்த ஆண்டு அதிகம் சேர்ந்தார்கள். பேட்டர்ன் வெட்டுவதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. பை ஒன்றின் அடிப்பகுதி எப்படி மடியும், உள்துணி எங்கே ஒரு நூல் அளவு சிறுக்க வேண்டும் என்பதைக் காகிதத்தில் பார்த்ததுமே சொல்கிறார்கள்.

ஆனால் துணி மன்னிக்கும், தோல் மன்னிக்காது. குண்டூசி குத்தினால் அந்தத் துளை கடைசி வரை இருக்கும். கிளிப் போட வேண்டும். பிரித்துத் தைத்தால் பழைய துளைகள் பல்லிளிக்கும். துணிக்கு வைக்கும் 2.5 மி.மீ. தையலைத் தோலில் வைத்தால், தபால்தலை ஓரம்போல் அந்தக் கோட்டிலேயே கிழிந்துவரும். 3.5 முதல் 4 மி.மீ. வைக்க வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் முன்னும் பின்னும் ஓட்டித் தைக்கும் பழக்கமும் அதே சேதத்தைத்தான் செய்யும். நூலை உள்பக்கம் இழுத்து முடிச்சிட்டு, ஒரு துளி பசையில் அழுத்துவதே முறை. ஊசி, தோலுக்கென்று வரும் வெட்டுமுனை ஊசியாக இருக்கட்டும்: 100 அல்லது 110 எண். தையலை இஸ்திரிப் பெட்டியால் படியவைக்கக் கூடாது. சூட்டில் தோல் சுருங்கிக் கெட்டியாகும். விளிம்பைச் சீவி, சொல்யூஷன் பசை தடவி, மரச்சுத்தியால் தட்டிப் படியவைக்க வேண்டும்.

வீட்டு மிஷினில் எவ்வளவு தைக்கலாம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மென்மையான ஆட்டுத்தோலில் இரண்டு மடிப்பும் சேர்ந்து 2 மி.மீ. வரை. அதற்கு மேல் போனால் ஊசியும் கீழ்க்கொக்கியும் சந்திக்கும் டைமிங் கெடும். மிஷினின் பாதம் தோலில் ஒட்டி நகராவிட்டால் மேலே ஒரு தாளை வைத்துத் தைத்துவிட்டு, பிறகு தாளைக் கிழித்து எடுத்துவிடலாம்.

படகு ஆசாரிகள், ஓலை பின்னுபவர்கள்

வள்ளம் கட்டிய ஆசாரிகள் சிலர் தோலுக்கு வந்திருப்பது சங்கத்துக்குப் பெரிய பலம். கத்தி தீட்டத் தெரியாதவர் தோல்வேலை செய்ய முடியாது. மற்றவர்களுக்குத் தீட்டும் வகுப்பை இப்போது அவர்கள்தான் எடுக்கிறார்கள்: 1000 எண் கல்லில் பிசிறு எழும்வரை, பிறகு நாவிதர் வார்போல ஒரு தோல்வாரில் பாலிஷ் பசை தடவிப் பின்னோக்கி இழுப்பது. தாளின் ஓரம் சத்தமில்லாமல் அறுபட்டால் கத்தி தயார்.

அவர்கள் மறக்க வேண்டியது மரத்தின் கணக்கு. பலகையில் நீளவாக்கில் ரேகை ஓடும்; தோலில் அப்படி இல்லை. முதுகுப் பகுதி கெட்டி, வயிற்றுப் பகுதி இழுபடும். பெல்ட், பை வார் போன்றவற்றை முதுகெலும்புக்கு இணையாக வெட்ட வேண்டும். வயிற்றில் வெட்டிய பெல்ட் சில மாதத்தில் இரண்டு துளை நீளும். 38 மி.மீ. அகல பெல்ட்டுக்கு 3.5 முதல் 4 மி.மீ. தடிமன், பக்கிளிலிருந்து நடுத்துளை வரை இடுப்பளவு, துளைக்குத் துளை ஒரு அங்குலம். உளியால் துளை போடுவதும் கூடாது. பக்கிள் நாக்குக்கான நீள்துளையின் இரு முனையிலும் முதலில் வட்டப் பஞ்ச் அடித்துவிட்டு இடையில் வெட்ட வேண்டும். கூர்முனையில் முடியும் வெட்டு அங்கிருந்தே கிழியத் தொடங்கும்.

பனையோலைப் பெட்டியும் கொட்டானும் பின்னும் பெண்களுக்குப் பின்னல் சொல்லித்தர எதுவும் இல்லை, நாம்தான் கற்றுக்கொண்டோம். ஓலையை நனைத்துப் பின்னுவதுபோல் தோல் வாரையும் நன்றாக நனைத்துப் பின்னியதில்தான் சிக்கல். காய்ந்ததும் பின்னலில் இடைவெளி விழுந்தது. வாரை முதலில் இழுத்து நீட்டிவிட்டு, லேசான ஈரத்தில் பின்னினால் சரியாகிறது. சீரான வார் வேண்டுமென்றால் வட்டத் துண்டைச் சுருளாக வெட்டுவது சிக்கனம். 10 செ.மீ. விட்டமுள்ள கழிவுத் துண்டிலிருந்து 5 மி.மீ. அகலத்தில் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் வார் கிடைக்கும். கழிவுக் கூடையைக் கொட்டும் முன் இதை நினைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

காணொளி பார்த்துக் கற்று வந்த பட்டதாரிகளும், வளைகுடாவிலிருந்து திரும்பிய கீழக்கரை, பெரியபட்டினம் நண்பர்களும் கருவியோடு வருகிறார்கள், தோல் இல்லாமல் வருகிறார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. கேட்டுவிட்டு வாங்கியிருந்தால் பணம் மிஞ்சியிருக்கும். நல்ல கத்தி, எஃகு அளவுகோல், 4 மி.மீ. துளைப்பல் (தையல் துளைகளை வரிசையாக அடிக்கும் பல்லுள்ள கருவி), வட்டப் பஞ்ச், முனை மழுங்கிய இரண்டு ஊசி, விளிம்பு சீவி, மரச்சுத்தி இவை போதும். அச்சுப் பதிக்கும் கருவிகளை வாங்கிவிட்டு, சோபாவுக்கு வரும் குரோம் தோலில் (குரோமிய உப்பில் பதனிட்டது) அடித்துப் பார்த்து ஏமாந்தவர்கள் பலர். குரோம் தோலில் அச்சு நிற்காது. வெட்டு விளிம்பு நீலச்சாம்பலாக இருந்தால், பெரும்பாலும் குரோம். சந்தேகமென்றால் ஒரு சிறு துண்டைக் கொளுத்திப் பார்க்கலாம். பச்சை சாயலில் சாம்பல் விழுந்தால் குரோம். ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்ற தாவரச் சத்தில் பதனிட்ட தோலே அச்சுக்கு ஏற்றது. அதையும் நனைத்த உடனே அடிக்கக் கூடாது. ஈரம் உள்ளே இறங்கி, மேற்புற நிறம் பழையபடி வெளுக்கத் தொடங்கும் நேரத்தில் அடித்தால் கோடு ஆழமாக நிற்கும்.

பரம்பரையாகச் செய்பவர்கள்

மேலே சொன்னவர்கள் எல்லோரும் தோலை விரும்பித் தேர்ந்தெடுத்தவர்கள். நம் பயிற்றுநர்களில் மூத்தவர்கள் அப்படி வந்தவர்கள் அல்லர். செருப்புத் தைப்பதும் பறைக்குத் தோல் கட்டுவதும் பிறப்பின் பெயரால் அவர்கள் குடும்பங்கள்மீது சுமத்தப்பட்டன. அந்த வேலைக்காகவே ஊர் அவர்களைத் தள்ளியும் வைத்தது. இன்று அதே வேலை கைவினை என்ற பெயரில் மதிக்கப்படும்போது, அறிவு யாருடையது என்பதை மறைக்க இந்தச் சங்கம் இடம் தராது. பயிற்றுநர் ஊதியம் எல்லோருக்கும் ஒன்றே என்றும், வகுப்பில் வயதில் மூத்த பயிற்றுநரை யாரும் ஒருமையில் அழைக்கக் கூடாது என்றும் செயற்குழு தீர்மானித்தது. இது இந்த ஆண்டின் முக்கியமான தீர்மானம் என்று நான் கருதுகிறேன்.

அவர்களிடம் கற்றதில் ஒன்று: பச்சைத்தோலும் பதனிட்ட தோலும் வேறு வேறு பொருள்கள். பறைக்குப் போடும் தோல் பதனிடாதது. ஈரத்தில் நெகிழும், காய்ந்தால் சுருங்கி இறுகும். அந்த இறுக்கமே ஓசை. அதையே பைக்குப் போட்டால் மழையில் தொளதொளத்து அழுகும். பக்ரீத் சமயத்தில் கிடைக்கும் ஆட்டுத்தோலை வீட்டிலேயே பதனிடலாமா என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். வேண்டாம் என்பதே சங்கத்தின் பதில். பாலாற்றங்கரையில் தோல் ஆலைக் கழிவு நிலத்தையும் கிணற்றையும் என்ன செய்தது என்பது 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன விஷயம். நம் கடலோர மணலில் கொட்டும் எதுவும் நேரே குடிநீர் ஊற்றுக்குப் போகும். திண்டுக்கல், ஆம்பூர், சென்னை பெரியமேடு என்று பதனிட்ட தோல் கிடைக்கும் இடங்கள் இருக்கின்றன, கூட்டாக வாங்குகிறோம்.

மழையும் உப்புக்காற்றும்

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டிய மழையில் உறுப்பினர்கள் வீட்டில் வைத்திருந்த தோல் நனைந்தது. நனைந்ததைவிட, நனைந்தபின் செய்ததில்தான் இழப்பு அதிகம். வெயிலில் போட்டவை விறைத்து வெடித்தன. பாலித்தீன் பையில் சுற்றியவை பூஞ்சை பிடித்தன. தோலை நிழலில், காற்றோட்டத்தில், கயிற்றில் மடிக்காமல் விரித்துப் போட வேண்டும். முக்கால் பங்கு காய்ந்ததும் லேசாக எண்ணெய் தடவ வேண்டும்.

வெள்ளையாகப் படிவதெல்லாம் பூஞ்சை அல்ல. வாடை வீசி, துடைத்த மறுவாரம் திரும்ப வந்தால் பூஞ்சை. வெதுவெதுப்பான காற்றில் காட்டினால் உருகி மறைவது தோலின் கொழுப்பு. உருகாமல், ஈரத்துணியில் துடைத்தால் கரைவது உப்பு. நம் கரையில் மூன்றுமே வரும்; மூன்றுக்கும் ஒரே மருந்து போட்டுத் தோலைக் கெடுக்காதீர்கள்.

துருப்பிடித்த கத்தியோ இரும்புத் தூளோ தாவரச் சத்தில் பதனிட்ட தோலில் ஈரத்தோடு பட்டால் கருநீலக் கறை விழும். உடனே எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்தால் ஓரளவு வெளுக்கும், ஊறிவிட்டால் போகாது. பக்கிள் வாங்கும்போது சட்டைப்பையில் ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டினால் முலாம் பூசிய இரும்பு. பாம்பன் காற்றில் அதிக நாள் தாங்காது. கெட்டிப் பித்தளையில் களிம்பு ஏறும், ஆனால் துடைத்தால் போய்விடும்.

அடுத்த ஆண்டு

புதியவர்களுக்கான வகுப்பு ஏப்ரல் 15க்கு அடுத்த வாரம் தொடங்கும். சேர்க்கைப் படிவத்தில் படிப்பு என்ன என்று கேட்ட இடத்தில், இதுவரை செய்த வேலை என்ன என்று கேட்க மாற்றியிருக்கிறோம். வீட்டு வேலை மட்டும் செய்தேன் என்று எழுதினால் அதையும் வேலையாகவே எடுத்துக்கொள்வோம்; அரிவாள்மனை பழகிய கைக்கு வளைவு வெட்டுவது எளிது, ஏனென்றால் கத்தியைத் திருப்பாமல் பொருளைத் திருப்பத் தெரியும்.

முதல் நாள் வருபவர்கள் பருத்தித் துணி ஒன்றும், தடித்த அட்டை ஒன்றும் கொண்டுவந்தால் போதும். முதல் இரண்டு வகுப்பு அட்டையில்தான். சங்கத்தின் துளைப்பல்லை இரவல் கொண்டுபோனவர்கள் இந்த மாத இறுதிக்குள் துடைத்து, எண்ணெய் தடவித் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்