தாத்தாவின் மூன்றாவது பதக்கம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலமாக இருக்கிறோம். இரண்டாம் உலகப் போரில் பர்மா போர்க்களத்தில் பணியாற்றியவர்களுக்குப் பிரிட்டிஷ் அரசு வழங்கிய பர்மா ஸ்டார் பதக்கம் லண்டனில் ஓர் ஏலத்தில் அதிக விலையில்லாமல் கிடைக்கிறது என்றும், அதை வாங்கித் தாத்தாவின் பெட்டியில் வெறுமையாகக் கிடக்கும் மூன்றாவது குழியில் வைத்துவிடலாமா என்றும் கேட்டிருந்தாய். உன் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனாலும் அதை வாங்காதே, கண்ணு.

உன் கடிதம் வந்த அன்றே பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்துப் பார்த்தேன். சிங்கம் ஒன்று இரட்டைத் தலை டிராகனை மிதித்து நிற்கும் வெள்ளை நிற வட்டப் பதக்கம் வார் மெடல். ஆறு முனைகள் கொண்ட மஞ்சள் நிறப் பதக்கம் 1939–45 ஸ்டார். செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம் அது, அதாவது பித்தளை. அதனால்தான் உன் பாட்டி ஆண்டுதோறும் ஆயுத பூசைக்குக் குத்துவிளக்குகளோடு சேர்த்து அதையும் புளி போட்டுத் துலக்கிப் படைத்து வந்தார். துலக்கித் துலக்கிப் பின்பக்கத்தில் பொறித்திருந்த எழுத்துகள் தேய்ந்துவிட்டன. டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது முதலில் எண்ணும், பிறகு சாப்பர் (படையின் பொறியியல் பிரிவுச் சிப்பாய்) என்பதன் சுருக்கமும், கடைசியில் தாத்தாவின் பெயரும் தெரிந்தன. பெயரில் ஓர் எழுத்து குறைகிறது. இத்தனை ஆண்டுகளாக அது எங்கள் யார் கண்ணிலும் படவில்லை.

பிரிட்டிஷ் வீரர்களுக்கு இந்த ஸ்டார் பதக்கங்களைப் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள். இந்திய, தென்னாப்பிரிக்க, ஆஸ்திரேலிய வீரர்களுக்குத்தான் பெயரும் எண்ணும் பொறித்து வழங்கப்பட்டன. ஆகவே நீ ஏலத்தில் எடுக்கும் பதக்கத்தில் ஒன்று பெயரே இருக்காது, இல்லையென்றால் வேறொரு குடும்பத்துத் தாத்தாவின் பெயர் இருக்கும். அந்தக் குடும்பத்திலும் உன்னைப் போல ஒரு பேத்தி அதைத் தேடிக்கொண்டிருக்கலாம்.

முதலில் நாம் உறுதிசெய்ய வேண்டியது, தாத்தாவுக்குப் பர்மா ஸ்டார் பெறும் தகுதி இருந்ததா என்பதை. வார் மெடலுக்கு 28 நாள் படைப்பணி போதும்; அது எதையும் நிரூபிக்காது. 1939–45 ஸ்டாருக்குப் பொதுவாக ஆறு மாதம் போர்க்களப் பகுதியில் இருந்திருக்க வேண்டும் என்பதால், அவர் பெங்களூரு முகாமிலேயே போரைக் கழித்துவிடவில்லை என்பதற்கு அந்தப் பதக்கமே சாட்சி. பர்மா ஸ்டாரின் விதி வேறு. 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரையிலான காலத்தில் பர்மா போர்க்களத்தில் தரைப்படை வீரர் ஒருவர் ஒரு நாள் பணியாற்றியிருந்தாலும் போதும். 1942 மே முதல் 1943 இறுதி வரை வங்காளத்திலும் அசாமிலும் ஆற்றிய பணியும் கணக்கில் சேரும்.

இதை அறிந்துகொண்டு படையிலிருந்து விடுவித்தபோது அவருக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தை மறுபடி புரட்டியபோதுதான் மூன்றாம் பக்கத்தில் மங்கிய ஊதா மையில் 'மணிப்பூர் ரோடு, அக்டோபர் 1943' என்ற வரி கண்ணில் பட்டது. ஏதோ ஒரு சாலையின் பெயர் என்று முன்பு கடந்துபோயிருந்தேன். திமாப்பூர் ரயில் நிலையத்துக்கு அந்நாளில் அதுதான் பெயர். அது அன்றைய அசாம் மாகாணத்தில் இருந்தது. அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கியது. தாத்தா எங்களிடம் மழையையும் அட்டைப் பூச்சிகளையும் பற்றிச் சொல்வார், "பாலம் கட்டினோம்" என்பார், அதற்குமேல் ஒரு சொல் வராது. 1944 டிசம்பரில் பர்மாவின் சிந்த்வின் ஆற்றின் குறுக்கே கலேவாவில் 1,154 அடி நீளத்துக்கு அமைத்த பெய்லி பாலம் (ஆயத்த எஃகுப் பாகங்களைப் பூட்டி அமைக்கும் பாலம்) அவர் கட்டியதுதான் என்று உன் பெரியப்பா எல்லோரிடமும் சொல்லி வருகிறார். ஆதாரம் கையில் வரும்வரை நாம் அப்படிச் சொல்லக் கூடாது என்பது என் கருத்து.

ஆவணம் தேடியதில் நான் செய்த தவறையும் எழுதிவிடுகிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பித்தபோது, பெயரையும் வேலூர் மாவட்டம் என்பதையும் மட்டும் எழுதினேன். பதிவு இல்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது. அவர் படையில் சேர்ந்தபோது வேலூர் மாவட்டம் என்று ஒன்று கிடையாது. வட ஆர்க்காடு மாவட்டம், குடியாத்தம் தாலுகா என்றுதான் அன்று எழுதியிருப்பார்கள். படை எண்ணையும் நான் குறிப்பிடவில்லை. அந்த எண்ணைப் படைப்பிரிவின் பெயரோடு சேர்த்து எழுதினால்தான் அது ஓர் ஆளைச் சுட்டும். இப்போது பதக்கத்தில் உள்ளபடியே ஓர் எழுத்து குறைந்த பெயரையும், எண்ணையும், பழைய மாவட்டத்தையும் எழுதி, மெட்ராஸ் சாப்பர்ஸின் வழிவந்த பெங்களூரு மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பின் பதிவுப் பிரிவுக்குப் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறேன்.

உன்னால் அங்கே ஆக வேண்டியது வேறு. பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் அதிகாரிகளைப் பற்றித்தான் அதிகம் கிடைக்கும். சிப்பாய்களுக்காக அங்கே நாளைச் செலவிடாதே. லண்டனின் க்யூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் தென்கிழக்கு ஆசியப் படைகளின் போர் நாட்குறிப்புகள் 'டபிள்யூ.ஓ. 172' என்ற வரிசையில் இருக்கின்றன. அவற்றில் சாப்பர்களின் பெயரைக் காண்பது அரிது, ஆனால் ஒரு கம்பெனி, அதாவது படையின் ஒரு சிறு பிரிவு, எந்த நாளில் எந்த ஊரில் இருந்தது என்பது இருக்கும். தாத்தாவின் கம்பெனி எண்ணில் நடு இலக்கம் மட்டும் மை பரவிக் கிடக்கிறது. 1 என்றும் படிக்கலாம், 7 என்றும் படிக்கலாம். இரண்டு கம்பெனிகளின் குறிப்பேடுகளையும் எடுத்து, 1943 அக்டோபரில் மணிப்பூர் ரோட்டில் இருந்தது எது என்று பார். உன் கேமராவிலேயே பக்கங்களைப் படமெடுத்துக்கொள்ளலாம்.

நீ க்யூவுக்குப் போகும் நாளை ஒரு வாரம் முன்னதாகத் தெரிவி. அதற்குள் மூன்றாம் பக்கத்தைக் காலை வெயிலில் வைத்து இன்னொரு முறை படமெடுத்து அனுப்புகிறேன். பெட்டியின் மூன்றாவது குழி அதுவரை வெறுமையாகவே இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா