காலாண்டுச் செய்திகளும் ஒரு வேண்டுகோளும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விடைத்தாள்களையும் கொடுத்தாயிற்று. வட்டார விளையாட்டுப் போட்டியில் நம் கோ-கோ அணிக்கு இரண்டாமிடம். ஓவியம், பேச்சுப் போட்டிகளிலும் பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள். மழைக்கு ஒழுகிய மாடி வகுப்பறையைச் சரிசெய்துவிட்டோம். எல்லோருக்கும் பாராட்டுகள்.

அப்புறம், எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் ஆசிரியை கொடுத்த செயற்கைக்கோள் படப் பயிற்சி. இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே எழுத வேண்டியிருக்கிறது.

கூகுள் எர்த்தில் உலகைச் சுற்றிவந்து, விசித்திரமாகத் தெரியும் ஓர் இடத்தைப் பிடித்து, அது ஏன் அப்படி இருக்கிறது என்று விசாரித்து எழுத வேண்டும். பிள்ளைகள் கொண்டுவந்ததைப் பார்த்து நானே அசந்துபோனேன். மொரிட்டானியப் பாலைவனத்தில் சுமார் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு வட்டத்துக்குள் வட்டமாக ஒரு 'கண்'. விண்கல் விழுந்த குழி என்று ஒரு காலத்தில் நினைத்தார்களாம். உண்மையில், குமிழ்போல் மேலெழுந்த பாறை அடுக்குகள் தேய்ந்து தேய்ந்து வந்த வடிவம் அது. கனடாவின் ஆல்பர்ட்டாவில் இறகுத் தலையணியோடு ஒரு முகம், காதில் இயர்போன் வேறு! முகம், மழைநீர் அரித்த களிமண் பள்ளம். இயர்போன், ஒரு சாலையும் அதன் முனையில் இருக்கும் துரப்பணக் கிணறும். ஒரு மாணவன் இல்லாத தீவைப் பற்றி எழுதினான். பசிபிக்கில் சாண்டி தீவு என்று வரைபடங்களில் இருந்ததைத் தேடி 2012-ல் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வுக் கப்பல் போனபோது, அங்கே வெறும் ஆழ்கடல்தான் இருந்தது. இல்லாத இடத்துக்கு மதிப்பெண் உண்டா என்று ஆசிரியை என்னிடம் கேட்டார். முழு மதிப்பெண் போடச் சொன்னேன்.

இதுவரை சரி. ஆனால் சகாராவில் தொடங்கிய தேடல் நம் தெருவுக்கு வந்துவிட்டது.

பயிற்சியின் முதல் நாளில் 'உங்கள் வீட்டைத் தேடிப் பாருங்கள்' என்று சொன்னது நாங்கள்தான். அந்தப் பொறுப்பை மறுக்கவில்லை. தன் வீட்டைப் பார்த்த பிள்ளைகள் நண்பர்கள் வீட்டைப் பார்த்தார்கள். பிறகு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, யார் வீடு ஓடு, யார் வீடு தகரம், யார் வீட்டு மாடியில் என்ன கிடக்கிறது என்று எழுதி, 'விசித்திர இடங்கள்' என்ற பெயரிலேயே வாட்ஸாப்பில் சுற்றவிட்டிருக்கிறார்கள். ஒரு பிள்ளை நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். அந்த அம்மா வந்து சொன்ன பிறகே விஷயம் தெரிந்தது. யார் என்று தயவுசெய்து விசாரிக்க வேண்டாம்.

சில பெற்றோர், "நாங்கள் மாடியில் துணி காயப்போடுவதுகூட இப்போது தெரியுமா சார்?" என்று பதறிக் கேட்டார்கள். தெரியாது. அவை நேரலைப் படங்கள் அல்ல, மாதக்கணக்கில், சில இடங்களில் வருடக்கணக்கில் பழையவை. மிகத் துல்லியமான வணிகச் செயற்கைக்கோள் படத்திலும் ஒரு புள்ளி என்பது தரையில் சுமார் 30 சென்டிமீட்டர். ஆள் நின்றால் ஒன்றிரண்டு புள்ளிதான், முகம் தெரியாது. கிண்டலுக்கு ஆளான வீடு ஒன்றில் இப்போது தளமே போட்டாகிவிட்டது. போடாமல் இருந்திருந்தாலும் அது கிண்டலுக்கு உரிய விஷயமல்ல.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். அந்தக் குழுவில் இருப்பவை பெரும்பாலும் உங்கள் எண்கள். பிள்ளைகள் கையில் இரவு பதினொரு மணிக்கும் இருப்பது உங்கள் போன். பெரியவர்கள் ஒன்றிரண்டு பேரும் அந்தப் படங்களுக்குச் சிரிப்புப் பொம்மை போட்டதாகக் கேள்விப்பட்டேன். கவனிக்காமல் போட்டிருப்பீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் இனி அப்படி எடுத்துக்கொள்ள மாட்டேன். அடுத்தவர் வீட்டுப் படத்தைப் பகிர்வது, இருப்பிடத்தைக் குறித்து அனுப்புவது எதுவானாலும், பெற்றோரை நேரில் அழைத்துத்தான் பேசுவேன். பள்ளிக்குக் கொண்டுவரும் போனை வாங்கி வைப்போம். நீங்களே வந்து கையெழுத்திட்டால்தான் திரும்பக் கிடைக்கும். 'புராஜெக்டுக்காக' என்று சீட்டு கொடுத்தனுப்பினாலும் மாற்றமில்லை. புராஜெக்ட் வேலைக்குக் கணினி அறை இருக்கிறது, மாலை ஐந்து மணி வரை திறந்திருக்கும்.

பயிற்சியை நிறுத்தப் போவதில்லை. ஐந்து வயதில் ரயிலில் வழிதவறிக் கொல்கத்தா போய்ச் சேர்ந்து, டாஸ்மேனியாவில் ஒரு குடும்பத்தில் வளர்ந்த சரூ பிரியர்லி, இதே கூகுள் எர்த்தில் ரயில் பாதைகளை ஒவ்வொன்றாகத் தொடர்ந்துபோய், 2011-ல் மத்தியப் பிரதேசத்தின் கண்ட்வாவில் தன் ஊரைக் கண்டுபிடித்தார். பெற்ற தாயையும் பார்த்துவிட்டார். அந்தக் கதையைத்தான் அடுத்த வாரம் ஆசிரியை வகுப்பில் சொல்லப்போகிறார். வர விரும்பும் பெற்றோர் தாராளமாக வந்து பின்வரிசையில் உட்காரலாம்.

சங்கடத்தைப் பார்க்காமல் வந்து சொன்ன அந்த அம்மாவுக்கு என் நன்றி. கேட்டதுமே படங்களை அழித்தவர்களுக்கும், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டுவந்த இரண்டு அப்பாக்களுக்கும் நன்றி. நான் சொல்லி அவர்கள் போகவில்லை. அந்தப் பிள்ளை திங்கட்கிழமை பள்ளிக்கு வந்துவிட்டது.

கீழே உள்ள சீட்டில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்