நம் பக்கம் திரும்பிப் பேசுகிறவர்கள்

தண்டையார்பேட்டை,
சென்னை.

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்குத் தஞ்சாவூரிலேயே கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது என்ற செய்தியில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இங்கே அனைவரும் நலம். இடது கண்ணில் புரை நீக்கிய பிறகு தொலைக்காட்சித் திரை எனக்கு முன்பைவிடத் தெளிவாகத் தெரிகிறது. அதனால் மகள் பார்க்கும் வெளிநாட்டுத் தொடர்களை நானும் அவளோடு உட்கார்ந்து பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்துக்கு விரிவாகவே பதில் எழுதவேண்டும் என்று தோன்றியதற்கு அந்தப் பழக்கம்தான் காரணம். கதாபாத்திரம் நடுவில் நம் பக்கம் திரும்பிப் பேசினால் கதை கலைந்துவிடுகிறது என்றும், இது சரக்கு தீர்ந்துபோன வெள்ளைக்காரன் கண்டுபிடித்த வித்தை என்றும் எழுதியிருந்தாய். முதற்பாதியை ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் பாதியைக் கொஞ்சமும் ஒப்புக்கொள்ள முடியாது.

வெள்ளைக்காரன் கட்டியது சுவரைத்தான். மேடைக்கு மூன்று பக்கம் சுவர் இருக்க, பார்வையாளர் உட்கார்ந்திருக்கும் நான்காவது பக்கத்திலும் ஒரு பெரிய சுவர் இருப்பதாக எண்ணிக்கொண்டு, திரை விலகவே இல்லை என்பதுபோல நடியுங்கள் என்று பிரெஞ்சு எழுத்தாளர் திதரோ 1758ஆம் ஆண்டில் நடிகர்களுக்கு எழுதினார். பிற்காலத்து இயல்புவாத நாடகம் அதை விதியாக்கியது. சினிமாவும் அந்த விதியை எடுத்துக்கொண்டதால்தான், லென்ஸைப் பார்க்காதே என்று புதிய நடிகரை இன்றும் எச்சரிக்கிறார்கள். ஆனால் சினிமா பிறந்து பத்தாண்டு நிறைவதற்குள்ளேயே, எட்வின் போர்ட்டர் 1903இல் எடுத்த ‘தி கிரேட் டிரெயின் ராபரி’யில் ஒரு கொள்ளைக்காரன் நம்மை நேருக்கு நேர் பார்த்துத் துப்பாக்கியால் சுட்டுவிட்டான். அந்தக் காட்சியைப் படத்தின் தொடக்கத்தில் ஒட்டுவதா முடிவில் ஒட்டுவதா என்பதைப் படத்தைத் திரையிடுகிறவர்களின் விருப்பத்துக்கே விட்டிருந்தார்கள். கதையோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. உன் குற்றச்சாட்டு அந்தக் கொள்ளைக்காரனுக்குப் பொருந்தும். ‘டெட்பூல்’ போன்ற படங்களில் நாயகன் பத்து நிமிடத்துக்கொரு முறை நம்மிடம் நகைச்சுவை சொல்வதற்கும் பெருமளவு பொருந்தும்.

நம்முடைய கதை வேறு. ஆடி மாதத்தில் மணலிப் பக்கத்துக் கோயில்களுக்கு விடிய விடியக் கூத்துப் பார்க்கப் போவோமே, அங்கே கட்டியக்காரன் எந்தச் சுவரை மதித்தான்? இரண்டு பேர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் துரியோதனன் நிற்கும்போதே, வருகிறவர் யார், எந்த நாட்டு மன்னர் என்று நம்மைப் பார்த்துச் சொல்லுவான்; மன்னரிடமே குறுக்குக் கேள்வி கேட்பான்; முன்வரிசையில் தூங்குகிறவரைப் பெயர் சொல்லி எழுப்புவான்; தெருவில் தண்ணீர் வராததைப் பற்றி ஒரு வார்த்தை போட்டுவிட்டு, மறுகணம் அஸ்தினாபுரத்துச் சேவகனாகக் கைகட்டி நிற்பான். கதை அதனால் கலையவில்லை. துகிலுரிதல் கூத்தன்று துச்சாதன வேடம் கட்டியவர் சேலையைத் தொடுவதற்கு முன் கற்பூரம் ஏற்றி, திரௌபதியம்மனிடம் பொறுத்தருளும்படி வேண்டிக்கொண்டது உனக்கும் நினைவிருக்கும். அந்த நேரத்தில் அவர் துச்சாதனன் இல்லை, பக்கத்து ஊர்க்காரர். அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அடுத்த நிமிடம் அவர் சேலையை இழுத்தபோது கூட்டத்தில் இருந்த பெண்கள் அழுதார்கள். நடிகர் வேடத்தை விட்டு வெளியே வந்து போனதால் அந்தக் காட்சி வலுவிழக்கவில்லை. இது விளையாட்டுக் காரியம் அல்ல என்று அவரே உணர்த்திவிட்டுப் போனதால் அது இன்னும் கூர்மையாயிற்று என்றே எனக்குப் படுகிறது.

தமிழ்ச் சினிமாவிலும் இந்த வழக்கம் தொடர்ந்தது. ‘என் இனிய தமிழ் மக்களே’ என்று பாரதிராஜாவின் குரல் நம்மை அழைத்தபோது யாரும் அதைப் புதுமை என்று வியக்கவில்லை. கதை சொல்கிறவர் கேட்கிறவரை விளித்துத் தொடங்குவது நமக்கு இயல்பு. ஆனால் இங்கே இன்னொன்றும் நடக்கிறது, அதை நீ கவனிக்கத் தவறிவிட்டாய். 1995இல் ‘முத்து’ வெளிவந்தபோது, தான் எப்போது வருவேன், எப்படி வருவேன் என்று யாருக்கும் தெரியாது என்று ரஜினிகாந்த் பேசும் வசனத்துக்கு நம் அகஸ்தியா தியேட்டரில் எழுந்த விசிலை நினைத்துப் பார். அந்த வசனம் கதையில் ஒரு வண்டிக்காரன் பேசுவது. திரையரங்கில் இருந்தவர்களுக்கோ, அவர் அரசியலுக்கு வருவாரா என்ற கேள்விக்கு அவரே தந்த பதில். அங்கே சுவரைத் தாண்டி வந்தது கதாபாத்திரம் அல்ல, நட்சத்திரம். முத்து என்கிற வண்டிக்காரன் ஓரமாக நின்று வழிவிட, ரஜினிகாந்த் முன்னால் வந்து தம் ரசிகர்களிடம் பேசிவிட்டுப் போனார். கதையைக் கலைக்கிறது என்ற உன் புகார் இந்த இடத்துக்குத்தான் மிகவும் பொருந்தும். ஆனால் நீயும்தான் அன்று என் பக்கத்தில் உட்கார்ந்து விசில் அடித்தாய், ஆகவே அதைப் பற்றி மேலும் எழுதமாட்டேன். (அகஸ்தியாவை 2020இலேயே மூடிவிட்டார்கள். அந்தப் பக்கமாகப் போகும்போது பார்க்கப் பிடிக்கவில்லை.)

நட்சத்திரம் வெளியே வருவதற்கு நேர் எதிரான ஒன்றை வங்காள இயக்குநர் மிருணாள் சென் 1971இல் ‘இண்டர்வியூ’ படத்தில் செய்தார். கல்கத்தா டிராமில் போகும் நாயகன் திடீரென நம்மைப் பார்த்து, நான் நட்சத்திரம் இல்லை, என் பெயர் ரஞ்சித் மல்லிக், மிருணாள் சென் என்னைப் பின்தொடர்ந்து படமெடுக்கிறார் என்கிற தோரணையில் பேசத் தொடங்க, ஒளிப்பதிவாளர் கே.கே. மகாஜன் கேமராவோடு இருப்பதும் காட்டப்படுகிறது. வேலைக்கான நேர்காணலுக்கு கோட்டு சூட்டு தேடி அலையும் ஓர் இளைஞனின் கதை அது. இது வெறும் கதை என்று சொல்வதுபோலத் தொடங்கி, இந்த இளைஞன் உங்கள் டிராமிலேயே, உங்கள் பக்கத்து இருக்கையிலேயே இருக்கிறான் என்று சொல்வதில் போய் அது முடிகிறது. ரஜினிகாந்த் படத்தில் விசில் அடித்த நமக்கு இங்கே என்ன செய்வதென்றே தெரியாது.

இனி மகளோடு பார்த்த தொடர்களுக்கு வருகிறேன். ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ 1990இல் பிரிட்டனிலும் 2013இல் அமெரிக்காவிலும் எடுக்கப்பட்டது. இரண்டிலும் பதவிக்காக எதையும் செய்யத் துணிந்த அரசியல்வாதி தன் சூழ்ச்சிகளை நம்மிடம் மட்டும் சொல்கிறான். ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்டு மேடையில் செய்தது இதைத்தான். ரகசியத்தைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருக்கிற நாமும் அவனுக்கு உடந்தையாகிவிடுகிறோம். அவன் வெல்லவேண்டும் என்று உள்ளூர விரும்பவும் தொடங்கிவிடுகிறோம். அது கொஞ்சம் அச்சமூட்டுகிற அனுபவம்.

என்னை இந்தக் கடிதம் எழுதவைத்தது ‘ஃபிளீபேக்’. ஃபீபி வாலர்-பிரிட்ஜ் தனி ஒருவராக மேடையில் நடித்த நாடகத்தை 2016இல் தொடராக்கினார். இரண்டாம் பகுதி 2019இல் வந்தது. லண்டனில் ஒரு சிறு உணவகம் நடத்தும் பெண், குடும்பத்தாரோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நம் பக்கம் ஒரு பார்வை வீசுவாள், ஒரு சொல் சொல்லுவாள். மற்றவர்கள் யாரும் அதைக் கவனிப்பதில்லை. முதலில் அது வேடிக்கையாக இருக்கிறது. அவளுடைய உற்ற தோழி இறந்துபோனவள் என்பதும், நம்மிடம்கூட அவள் முக்கியமான ஒன்றை மறைத்து வந்திருக்கிறாள் என்பதும் மெல்ல மெல்லத்தான் தெரியவருகின்றன. இரண்டாம் பகுதியில் ஒரு பாதிரியார் வருகிறார். அவள் நம்மைப் பார்த்துவிட்டுத் திரும்பும் அந்த இமைப்பொழுதில், இப்போது எங்கே போய்விட்டு வந்தாய் என்று அவர் கேட்டுவிடுகிறார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அதுவரை யாருக்கும் தெரியாமல் அவள் வீட்டுக்குள் நின்றுகொண்டிருந்த என்னையே அவர் கண்டுகொண்டதுபோல இருந்தது. வேதனையிலிருந்து தப்பிக்கத்தான் அவள் நம்மிடம் பேசிக்கொண்டிருந்தாள் என்பது அந்த ஒரு கேள்வியில் விளங்கிவிட்டது. அவளை உண்மையாகவே நேசிக்கும் ஒருவருக்கு நம் இருப்பு இடைஞ்சல் என்பதும் விளங்கியது. இத்தனை படங்களில் இத்தனை பேர் என்னைப் பார்த்துப் பேசியிருக்கிறார்கள். நான் அங்கே இருப்பது சரியா என்று எண்ணவைத்தவர் அந்தப் பாதிரியார் ஒருவரே. முடிவை எழுதமாட்டேன், நீயே பார்த்துக்கொள்.

ஆகவே என் பதில் இதுதான்: கதாபாத்திரம் நம்மைப் பார்க்கிறதா இல்லையா என்பதல்ல, பார்த்தபின் நம்மிடம் என்ன கேட்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். சிரிப்பை மட்டும் கேட்டால் இரண்டு முறைக்கு மேல் சலித்துவிடுகிறது. மௌனத்தையோ, உடந்தையையோ, அந்தக் கூத்துக்காரரைப் போல மன்னிப்பையோ கேட்டால் கதை கலைவதில்லை.

மார்கழியில் வருவதாக எழுதியிருக்கிறாய். இப்போது மெட்ரோ ரயில் தண்டையார்பேட்டைக்கே வருகிறது. ரயிலைவிட்டு இறங்கி ஆட்டோக்காரரோடு பேரம் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். அதற்குள் பேரனிடம் சொல்லி அந்தத் தொடரைப் பார்த்துவிட்டு வா. சில காட்சிகள் கூச்சம் தருபவை, ஆகவே அவனோடு உட்கார்ந்து பார்க்காதே.

என்றும் அன்புடன்,
உன் பழைய தோழன்