திங்கட்கிழமை காலை என்ன செய்வாய்?

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரங்கள் ஆகிவிட்டன. பதில் எழுதாததற்கு மறதி காரணம் அன்று; ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் என்னை எழுந்திருக்க விடவில்லை. நேற்றிரவுதான் அதை வழிகாட்டிப் பேராசிரியருக்கு அனுப்பினேன். அவர் திருத்தித் திருப்பி அனுப்பும்வரை இரண்டு நாள் ஓய்வு கிடைத்திருக்கிறது, அதன் முதல் வேலையாக இதை எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் நலம் என்பதறிந்து மகிழ்ச்சி. மகள் நடக்கத் தொடங்கிவிட்டாள் என்ற வரியை இரண்டு முறை படித்தேன்.

நீயும் பிரிட்டனுக்கு வந்து வணிக நிர்வாகத்தில் முதுகலை படிக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். அந்தக் கேள்வியைவிட, அதற்குக் கீழே போகிற போக்கில் நீ எழுதியிருந்த ஒரு வரிதான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது: "எந்தத் துறைக்குப் போவது என்பதை அங்கே வந்து படித்துக்கொண்டே யோசித்துக்கொள்ளலாம்." நானும் அதே எண்ணத்தோடுதான் விமானம் ஏறினேன். யோசிக்க ஓராண்டு கிடைக்கிறது என்று நினைத்தேன்; கிடைத்தது ஏறக்குறைய ஆறு வாரம்.

கணக்கைச் சொல்கிறேன். இங்கே முதுகலை என்பது 180 கிரெடிட், அதாவது படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு. வழக்கமாக அதில் 120 பாடங்களுக்கு, 60 கோடைக்கால ஆய்வேட்டுக்கு. செப்டம்பர் கடைசியில் தொடங்கி அடுத்த செப்டம்பரில் முடிந்துவிடும். ஆனால் பெரிய ஆலோசனை நிறுவனங்களும் வங்கிகளும் அடுத்த ஆண்டுக்கான ஆட்சேர்ப்பை ஆகஸ்டு, செப்டம்பரிலேயே திறந்துவிடுகின்றன, அவற்றில் பல நவம்பர், டிசம்பருக்குள் விண்ணப்பத்தை மூடியும் விடுகின்றன. ஆகவே, நூலகத்தின் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரிந்துகொள்வதற்குள், படிப்பு முடிந்தபின் என்ன ஆகப்போகிறாய் என்பதை நீ எழுத்தில் கொடுத்தாக வேண்டும். முதல் கட்டுரையின் கெடுவும் முதல் வேலை விண்ணப்பத்தின் கெடுவும் எனக்கு ஒரே வாரத்தில் வந்தன. கட்டுரைக்கு முன்னுரிமை கொடுத்தேன், ஏனென்றால் அதுதான் படிப்பு என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன்.

அக்டோபரில் ஒரு நிறுவனத்தின் காணொளி நேர்காணல் வந்தது. நேர்காணல் என்றதும் எதிரே யாரோ இருப்பார்கள் என்று எண்ணாதே. அறையில் நான், மடிக்கணினி, திரையில் என் முகம், அவ்வளவுதான். கேள்வி எழுத்தாகத் தோன்றும். யோசிக்க 30 வினாடி, பேச 90 வினாடி, ஓரத்தில் எண்கள் குறைந்துகொண்டே வரும். "எங்கள் நிறுவனத்தில் இந்தப் பிரிவை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்பது முதல் கேள்வி. உண்மையான பதில், "உங்கள் விண்ணப்பப் படிவத்தில் ஏதாவது ஒரு பிரிவைத் தேர்ந்தெடுத்தால்தான் அடுத்த பக்கத்துக்குப் போக முடிந்தது" என்பதே. அதைச் சொல்ல முடியாமல் நான் விழித்துக்கொண்டிருந்தபோது எண் 61 ஆகியிருந்தது. பிறகு பேசியதை நினைவுகூர விரும்பவில்லை. ஆறு ஆண்டு வேலை பார்த்த மனிதன் நான் என்பதை அந்த ஒன்றரை நிமிடத்தைப் பார்க்கும் எவரும் நம்பமாட்டார்கள்.

வகுப்பைப் பற்றியும் கேட்டிருந்தாய். அங்கும் கதை இதுவேதான். இங்கு பாதி வகுப்புகள் கேஸ் முறையில் நடக்கின்றன. சட்டக் கல்லூரியில் பழைய வழக்குகளை வைத்து விவாதிப்பதுபோல, ஒரு நிறுவனத்தின் உண்மையான இக்கட்டை வைத்து விவாதிப்பது. 1908-இல் தொடங்கிய ஹார்வர்ட் வணிகப் பள்ளிதான் இதை வணிகக் கல்விக்குள் நிலைநிறுத்தியது. 1921-இல் எழுதப்பட்ட அதன் முதல் கேஸ் ஒரு காலணி நிறுவனத்தைப் பற்றியது. வழக்கறிஞராகப் பயின்ற ஒருவர் அன்று அதன் தலைவராக இருந்தார் என்று அறிந்தபோது, பேராசிரியர்கள் எங்களை ஏன் சாட்சிக் கூண்டில் நிற்பவர்களைப்போலக் குறுக்கு விசாரணை செய்கிறார்கள் என்பது எனக்கு விளங்கிற்று.

மூன்றாம் வாரத்தில் என் முறை வந்தது. பதினெட்டுப் பக்கக் கேஸ்; ஒரு தொழிற்சாலையை மூடுவதா, விரிவாக்குவதா என்பது சிக்கல். முதல் நாள் இரவு இரண்டு மணிவரை உட்கார்ந்து, எத்தனை அலகு விற்றால் முதல் தேறும் என்பதுவரை ஓரத்தில் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். பேராசிரியர் கணக்கைக் கேட்கவே இல்லை. மேசைமேல் இருந்த என் பெயர்ப் பலகையைப் பார்த்து, "இந்த மேலாளர் நீங்கள்தான். திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்குப் போய் முதலில் என்ன செய்வீர்கள்?" என்றார். பக்கம் பதினொன்றில் உள்ள விற்பனைக் கணிப்பு போதாது, இன்னும் தரவு வேண்டும் என்றேன். "தரவு வராது, திங்கட்கிழமை வரும்," என்றார் அவர். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்துவைத்தேன். பக்கத்து இருக்கைக்காரி, என் கணக்கில் பாதிகூடப் போட்டிராதவள், கையைத் தூக்கி, "நான் மூடிவிடுவேன், ஆனால் அதற்கு முன் தொழிற்சங்கத் தலைவரை நேரில் பார்ப்பேன்," என்று தொடங்கி நான்கு நிமிடம் பேசினாள். அவள் சொன்னதில் இரண்டு பிழைகள் இருந்தன, அவற்றை மற்றவர்கள் திருத்தினார்கள், அவளும் தன் நிலையை மாற்றிக்கொண்டாள். அன்றைய பங்கேற்பு மதிப்பெண் யாருக்குப் போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நம்மிருவருக்கும் பழக்கம் வேறு. விடை உறுதியாகத் தெரிந்தால் மட்டும் எழுந்து நிற்பவர்கள் நாம். தெரியாதபோது வாயை மூடிக்கொள்வதை அடக்கம் என்று எண்ணி வளர்ந்தவர்கள். இங்கே அந்த மௌனத்தை யாரும் அடக்கமாக எடுத்துக்கொள்வதில்லை, படித்துவிட்டு வரவில்லை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். இது சரியா என்று இன்றும் எனக்குக் கேள்வி உண்டு. முந்திப் பேசுகிறவர்களே தலைவர்கள் என்ற எண்ணத்தை இந்த முறை வளர்த்துவிடுகிறது என்பது என் புகார். ஆனால் புகாரோடு உட்கார்ந்திருந்தால் பங்கேற்பு மதிப்பெண் போய்விடும் என்பதால், டிசம்பருக்குள் நானும் பேசப் பழகிவிட்டேன்.

மதிப்பெண் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் முதல் முடிவு வரும் நாளில் நீ பயந்துபோவாய். இங்கு 50 எடுத்தால் தேர்ச்சி, 60 மெரிட், 70-ஐத் தொட்டால் டிஸ்டிங்ஷன். என் முதல் கட்டுரைக்கு 62 வந்தபோது தோற்றுவிட்டதைப்போல அறையில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். அது நல்ல மதிப்பெண் என்று இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதன் கீழே எழுதியிருந்த குறிப்பு, "நிறையப் படித்திருக்கிறீர்கள், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பது மட்டும் தெரியவில்லை." இதைப் படித்ததும் அந்தத் திங்கட்கிழமைதான் மறுபடியும் நினைவுக்கு வந்தது.

எந்தப் பட்டம் என்ற உன் கேள்விக்கு வருகிறேன். இதில் நான் செய்த தவறை நீ செய்யக் கூடாது. நான் சேர்ந்திருப்பது மேலாண்மையில் எம்.எஸ்சி.; அது பெரும்பாலும் இளங்கலை முடித்து நேராக வருகிறவர்களுக்காக வகுக்கப்பட்டது. என் வகுப்பில் பலருக்கு வயது இருபத்திரண்டு. நல்ல பிள்ளைகள், கூர்மையானவர்கள். ஆனால் ஒரு வாடிக்கையாளர் பணம் தராமல் இழுத்தடித்தால் அலுவலகத்தில் என்ன நடக்கும் என்பதைக் குழு விவாதத்தில் நான் மட்டுமே சொல்ல வேண்டியிருக்கிறது, என்னுடைய அனுபவத்திலிருந்து அவர்கள் கற்றுக்கொள்கிறார்கள், நான் கற்றுக்கொள்ள எதிரே அனுபவஸ்தர் இல்லை. எம்.பி.ஏ. வேறு வகை: ஆம்பா என்னும் தர அமைப்பின் ஏற்பைப் பெற்ற எம்.பி.ஏ. படிப்புகள் குறைந்தது மூன்றாண்டு வேலை அனுபவம் கேட்கும். உனக்கு எட்டாண்டு இருக்கிறது. எனக்கும் தகுதி இருந்தது. என்னை எம்.எஸ்சி.யில் சேர்த்துவிட்ட கல்வி முகவர், "இரண்டும் ஒன்றுதான் சார், இதில் இடம் சீக்கிரம் கிடைக்கும்," என்றார். தான் சேர்த்துவிடும் மாணவருக்காகப் பல்கலைக்கழகத்திடம் அவருக்குத் தரகு உண்டு என்பதையும், அவர் பட்டியலில் இல்லாத பல்கலைக்கழகங்களை அவர் வாய்தவறிக்கூடச் சொல்லமாட்டார் என்பதையும் நான் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். வணிகப் பள்ளியின் தரத்தை அறிய முகவர் தேவையில்லை. ஏ.ஏ.சி.எஸ்.பி., ஈக்விஸ், ஆம்பா ஆகிய மூன்று தர ஏற்புகள் இருக்கின்றனவா என்பதை அவற்றை வழங்கும் அமைப்புகளின் இணையதளங்களிலேயே பார்த்துவிடலாம்.

அடுத்து நான் எழுதத் தயங்குவது. மனைவியையும் மகளையும் உடன் அழைத்துவரலாம் என்று நீ நினைத்திருப்பது உன் கடிதத்தின் போக்கில் தெரிகிறது. 2024 ஜனவரி முதல் தொடங்கும் படிப்புகளில், பாடவழி முதுகலை மாணவர்கள் குடும்பத்தினரைச் சார்புவிசாவில் அழைத்துவர இங்கு அனுமதி இல்லை. ஆய்வு வழிப் படிப்புகளுக்கும், அரசு உதவித்தொகை பெற்ற சிலருக்குமே விலக்கு. எம்.பி.ஏ.வும் பாடவழிப் படிப்புதான். ஆகவே பிரிட்டன் என்றால் ஓராண்டு தனியாக. அமெரிக்காவில் குடும்பத்தை அழைத்துச் செல்லலாம், ஆனால் மாணவரின் குடும்பத்தினருக்குத் தரும் எஃப்-2 விசாவில் உன் மனைவி வேலை பார்க்க முடியாது, அங்கு எம்.பி.ஏ. பெரும்பாலும் இரண்டாண்டு. நடக்கத் தொடங்கியிருக்கும் குழந்தையை ஓராண்டு காணொளியில் பார்ப்பதா, நிறைய செலவுசெய்து இரண்டாண்டு ஒன்றாக இருப்பதா என்பதை நான் சொல்ல முடியாது. வீட்டில் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். விண்ணப்பம் போட்ட பிறகு அல்ல, இப்போதே.

படிப்புக்குப்பின் தங்கும் காலமும் சுருங்கிவருகிறது. இதுவரை முதுகலை முடித்தவர் கிராஜுவேட் விசாவில் இரண்டாண்டு இருந்து வேலை தேடலாம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம்தான். ஜெர்மனியிலும் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். அமெரிக்காவில் படிப்புக்குப்பின் வேலை பார்க்க 12 மாதம். படிப்பு அறிவியல், தொழில்நுட்பப் பிரிவில் சேர்க்கப்பட்டதானால் மேலும் 24 மாதம் கேட்கலாம், வணிகப் பகுப்பாய்வு போன்ற சில படிப்புகள் அந்தப் பிரிவில் வருகின்றன. அதற்குப்பின் எச்-1பி என்னும் வேலை விசாவுக்கான குலுக்கல், ஆண்டுக்கு 85,000 இடம். பதினெட்டு மாதம் என்பது கேட்க நீளமாகத் தெரியும். என்ன தேடுகிறோம் என்று தெரிந்தவனுக்கு நீளம்தான். இங்கு எல்லா நிறுவனமும் வெளிநாட்டவருக்கு வேலை விசா பெற ஆதரவு தர முடியாது, அதற்கு உரிமம் பெற்றிருக்க வேண்டும். அந்த உரிமம் உள்ளவர்களின் பட்டியலை அரசு வெளியிடுகிறது. நான் அந்தப் பட்டியலை முதன்முதலாகத் திறந்தது மார்ச்சில். நீ அதை இந்த வாரமே திற.

பகுதிநேர வேலையை நம்பி வராதே. பருவக் காலத்தில் வாரம் 20 மணிநேரம்தான் அனுமதி, சொந்தத் தொழில் கூடாது. விசாவுக்குக் காட்டும் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் குறையாமல் இருக்க வேண்டும். என் நண்பர் ஒருவர் 26-ஆம் நாள் ஒரு சிறு தொகையை எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார். வணிகப் பள்ளிகளின் நுழைவுத் தேர்வான ஜிமேட் எழுதுவாயானால் மதிப்பெண் ஐந்தாண்டு செல்லும், ஆங்கிலத் தேர்வு இரண்டாண்டுதான், எனவே ஜிமேட்டை முதலில் முடித்துக்கொள். அதில் இப்போது ஒவ்வொரு பிரிவின் கடைசியிலும் மூன்று விடைகள்வரை திரும்பிப்போய் மாற்றலாம். உன்னைப் போன்ற ஒருவனுக்கு அது ஆபத்தான சலுகை. சரியாகப் போட்டதை மாற்றிவிட்டு வருவாய்.

இத்தனை எழுதிவிட்டு, வராதே என்று சொல்கிறேனா என்று நீ கேட்பாய். இல்லை. பிப்ரவரியில் எங்கள் ஐவர் குழு ஒரு சிறு மருத்துவக் கருவி நிறுவனத்துக்காக வேலை செய்தது. கடைசிக் கூட்டத்தில் அதன் உரிமையாளர் எங்கள் பரிந்துரையை முகத்துக்கு நேரே மறுத்தார், நாங்களும் பின்வாங்காமல் முக்கால் மணிநேரம் அவரோடு மல்லுக்கட்டினோம். ஊதியம் வாங்கிக்கொண்டு வேலை பார்த்த ஆறு ஆண்டுகளில் நான் யாரிடமும் அப்படி வாதாடியதில்லை. அந்த முக்கால் மணிநேரத்துக்காக மறுபடியும் வருவேன், ஆனால் அடுத்த முறை எம்.பி.ஏ.வுக்கு, எந்தத் துறை என்று முடிவுசெய்துகொண்டு.

உன் நோக்க அறிக்கையின் முதல் வரைவைப் படித்தேன். மொழி நன்றாக இருக்கிறது. மூன்றாம் பத்தியில், "உலகளாவிய பார்வையைப் பெற்று, பல்வேறு துறைகளில் பங்களிக்க விரும்புகிறேன்" என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பத்தியை அடித்துவிடு. அங்கே ஒரு பதவியின் பெயர், ஒரு துறையின் பெயர், அதற்கு உன்னிடம் இன்று இல்லாத இரண்டு திறன்களின் பெயர், இவ்வளவு மட்டும் எழுதி எனக்கு அனுப்பு. தவறாக இருந்தாலும் பரவாயில்லை, பிறகு மாற்றிக்கொள்ளலாம். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிட்டால், என் ஐந்தாம் அத்தியாயத்தைத் தொடங்குமுன் படித்துவிடுவேன்.

மகளுக்கு என் அன்பைச் சொல்.

உன் பழைய நண்பன்