சனி இரவு மொட்டை மாடியில் படமும் நேரடி இசையும்

அனைவருக்கும் வணக்கம்.

வரும் 14ஆம் திகதி சனிக்கிழமை இரவு 7 மணிக்கு, நம் வெள்ளவத்தை தொடர்மாடியின் மொட்டை மாடியில் மூன்று பரீட்சார்த்தக் குறும்படங்கள். எல்லாம் வசனமில்லாதவை. நம் பிள்ளைகள் வயலின், மிருதங்கம், கீபோர்டுடன் திரைக்குப் பக்கத்திலேயே இருந்து வாசிப்பார்கள்.

முதற்படம் 1924இல் பாரிஸில் வந்த 'ஆந்த்ராக்ட்'. அதற்கு பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாட்டி இசையைச் சின்னச் சின்னத் துண்டுகளாக எழுதினார். காட்சி நீளும்வரை ஒரு துண்டையே திரும்பத் திரும்ப வாசிக்கலாம். நம் பிள்ளைகள் அந்த முறையைத்தான் எடுத்திருக்கிறார்கள். தொடக்கமும் முடிவும் எழுதியது, நடுவில் மனோதர்மம், அதாவது அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்பது. ஒட்டகம் பூட்டிய சவவண்டி ஓட்டமெடுக்கும் இடத்தில் மிருதங்கமும் வேகம் பிடிக்கும். ஒத்திகையில் எனக்குப் புல்லரித்துவிட்டது.

1. 6.45க்கே வந்துவிடுங்கள்.
2. பாய் அல்லது மடக்குக் கதிரை கொண்டுவாருங்கள்.
3. போனை அணைத்து வையுங்கள். பிள்ளைகள் திரையையும் ஒருவர் மற்றவர் முகத்தையும் பார்த்தே வாசிக்கிறார்கள். சின்ன வெளிச்சமும் குழப்பும்.
4. வீட்டிலிருந்து எத்தனை பேர் என்று வியாழன் இரவுக்குள் இங்கே போடுங்கள், தேநீருக்குக் கணக்கு வேண்டும்.

கரையோர ரயில் சத்தம் வந்தால் அதையும் சேர்த்து வாசிப்பார்கள். மழை பெய்தால் கீழ் மண்டபம்.