கான்டெஸாவை மீட்பதற்கு முன் அடியில் படுத்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார்களை வாங்கி மீட்டெடுக்கும் இளைஞர்களைப் பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பிதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். வேலூர் சத்துவாச்சாரியில் நாற்பது ஆண்டுகளாக டிங்கரிங் பட்டறை வைத்திருப்பவன் நான். பிள்ளைகளுக்குப் பழைய வண்டி மேல் ஆசை வந்திருப்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் எஞ்சின் ஓடினால் கார் பிழைத்துவிடும் என்ற பொருளில் அதில் வந்த ஒரு வரியை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

நம் பையன்கள் 'இந்தியாவின் மஸில் கார்' என்று சொல்வது கான்டெஸாவைத்தான். இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் விக்டர் காரை அடிப்படையாக வைத்து இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984இல் கொண்டுவந்து 2002 வரை செய்த வண்டி அது. தொடக்கத்தில் அம்பாசிடரின் 1,489 சிசி எஞ்சினே அந்தப் பெரிய உடம்பை இழுத்தது. பிறகுதான் இசுசுவின் 1.8 லிட்டர் எஞ்சின் வந்தது. லாரிக்கும் ஜீப்புக்கும் இருப்பதைப் போல இதற்குத் தனிச் சேசிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், கிடையாது. தகட்டால் ஆன பாடிதான் எலும்பும் தோலும். எஞ்சின் போனால் வேறு எஞ்சின் தேடலாம். பாடி போனால் எதை மீட்பது?

தை மாதம் மேல்விஷாரத்திலிருந்து ஒரு பையன் என்னைக் கூப்பிட்டான். அவனுடைய தாத்தாவின் 1991ஆம் ஆண்டு கான்டெஸா கிளாசிக், அவர் இறந்த பிறகு பன்னிரண்டு ஆண்டுகளாகத் தோல் கிடங்கின் ஓரத்தில் நின்றிருக்கிறது. அப்பா காயலான் கடையில் 42,000 ரூபாய்க்குப் பேசி முடித்துவிட்டார். பையன் விடவில்லை. நான் சொல்வதைக் கேட்பதாக இருவரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். புது பேட்டரி வைத்து, பாட்டிலிலிருந்து ட்யூப் வழியாக பெட்ரோல் கொடுத்ததும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. பையனின் கண்கள் கலங்கிவிட்டன. நான் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன்.

வேலூர்ப் பக்கம் கடல் இல்லாததால் இங்கே வண்டி அவ்வளவாகத் துருப்பிடிக்காது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் மேல்விஷாரம், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிக்குப் பச்சைத் தோல் வந்து இறங்குவதே உப்போடுதான். கெடாமலிருக்க உப்பைப் போட்டுத் தோலை அடுக்குவார்கள். ஊறவைப்பதற்கு முன் உதறுவார்கள். அந்தத் தூள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு தகட்டின் மடிப்புகளுக்குள் உட்கார்ந்துவிடும். இரும்பு துருவானால் பருத்துப் புடைக்கும். இரண்டு தகடுகளைச் சேர்த்து ஸ்பாட் வெல்டு செய்த இடத்தை உள்ளிருந்தே பிளந்துவிடும். மேலே பெயின்டில் ஒரு சிறு கொப்புளம்தான் தெரியும்.

கதவுகளுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை பெட்டி போல ஓடும் பகுதியை ரன்னிங் போர்டு என்போம். துணி சுற்றிய காந்தத்தை அதன் மேல் ஓட்டினேன். இடப்பக்கம் மூன்று சாண் நீளத்துக்குக் காந்தம் ஒட்டவே இல்லை. என்றைக்கோ யாரோ பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பும் பசை, பூசி மூடியிருக்கிறார்கள். ஸ்க்ரூடிரைவரைக் கட்டைவிரலால் அழுத்தினேன். பிடி வரை உள்ளே போயிற்று. முன் சக்கரங்களின் அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷன் பாடியோடு போல்ட் ஆகும் இடத்தில் தகடு அப்பளம் போல அடுக்கடுக்காக உரிந்து கையோடு வந்தது. ஓட்டுநர் கதவை மூடிவைத்து முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கினேன். கதவின் மேல்பக்க இடைவெளி சுருங்கிவிட்டது. பிறகு கதவு திறக்கவில்லை. வண்டி நடுவில் மடிகிறது என்று அதற்குப் பொருள்.

அமெரிக்காவில் இதைவிட மோசமான பழைய ஃபோர்டு மஸ்டாங் காரை மீட்கிறார்களே என்று பையன் கைப்பேசியில் காட்டினான். உண்மைதான். அங்கே மஸ்டாங்குக்குத் தரைத்தகடும் பக்கத் தகடும் இன்றும் புதிதாக அடித்து விற்கிறார்கள். 1967 மாடலின் முழு பாடியையே புதிதாக வாங்கலாம். கான்டெஸாவுக்கு அப்படி எதுவும் இல்லை. ஒவ்வொரு மடிப்பையும் நான் கையால் தட்டி உருவாக்க வேண்டும். துருவைத் தாண்டி நல்ல தகடு வரும் வரை வெட்டினால் அந்த வண்டியில் எதன் மேல் வெல்டு வைப்பது என்றே தெரியவில்லை. தகடு வேலைக்கு மட்டும் மூன்றரை லட்சமும் ஆறு மாதமும் ஆகும் என்று கணக்குச் சொன்னேன். அதன் பிறகும் அதில் குடும்பத்தை ஏற்றி நெடுஞ்சாலையில் போகச் சொல்ல என் வாய் வராது. வேண்டாம் என்றேன்.

அதே வாரம் காட்பாடியில் வேறொரு கான்டெஸாவைப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் நின்று கூரையும் பானட்டும் செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தன, எஞ்சின் இறுகிப்போயிருந்தது. பார்த்தவர்கள் எல்லாம் எடைக்குப் போடச் சொல்லியிருக்கிறார்கள். ரன்னிங் போர்டைத் தட்டினால் கெட்டியான ஓசை. தரைத்தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு ஓட்டைகள் மட்டுமே. அதை மீட்க எடுத்துக்கொண்டேன்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1998இல் ஓர் அம்பாசிடர் என்னிடம் வந்தது. மகளின் திருமணத்துக்குள் வண்டி வேண்டும் என்று அவசரப்படுத்தினார் உரிமையாளர். அரித்துப்போன ரன்னிங் போர்டை வெட்டாமல் ஃபைபரும் பட்டியும் வைத்து மூடிப் பெயின்ட் அடித்துக் கொடுத்தேன். கண்ணாடி போல இருந்தது. எட்டு மாதம் கழித்துப் பள்ளிகொண்டா அருகே பஞ்சர் ஆகி ஜாக் வைத்தபோது, ஜாக் அந்தப் பட்டியைப் பிளந்துகொண்டு உள்ளே ஏறியது. வண்டி கீழே விழுந்தது. சக்கரத்தைக் கழற்றிய அவருடைய மகன் அப்போதுதான் கையை வெளியே எடுத்திருந்தான். அவர் என்னைத் திட்டவில்லை. வண்டியை மட்டும் வேறு பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டார். அன்றிலிருந்து பட்டிக்குக் கீழே நல்ல தகடு இல்லாத வண்டிக்கு நான் பெயின்ட் அடிப்பதில்லை.

காகிதங்களையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். உரிமையாளர் இறந்திருந்தால் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். 20 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்துவிட்டது. விண்டேஜ் பதிவு 50 ஆண்டு நிறைந்த வண்டிக்குத்தான். எந்தக் கான்டெஸாவுக்கும் இன்னும் அந்த வயது வரவில்லை.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை வெளியிடும்போது, மின்னும் பானட்டின் படத்தோடு வண்டியின் அடிப்பகுதிப் படத்தையும் போடுங்கள். என் தொழில் நண்பர்களுக்கும் ஒன்று: முன்பணம் வாங்குவதற்கு முன், சந்தேகமான இடத்தில் பெயின்டையும் பட்டியையும் சுரண்டி, வெறும் தகட்டை வண்டிக்காரரின் கண்ணில் காட்டுங்கள். காட்டிய பிறகும் அவர் மீட்க விரும்பினால் அது அவர் தெரிந்து எடுத்த முடிவு.

மேல்விஷாரத்துக் காரின் எஞ்சினும் கதவுகளும் முன் கண்ணாடியும் இப்போது காட்பாடிக் காரில் பொருந்தியிருக்கின்றன. பையன் சனிக்கிழமைகளில் வந்து கூடமாட வேலை செய்கிறான். அவன் தாத்தா பிடித்த ஸ்டியரிங்கை அவனே வைத்துக்கொண்டான். தாத்தா வண்டியின் ரன்னிங் போர்டில் ஒரு முழம் வெட்டி என் பட்டறை வாசலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். பழைய கார் கொண்டுவருகிறவர்களிடம் முதலில் அதைத்தான் கையில் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
டிங்கரிங் பட்டறை உரிமையாளர்,
சத்துவாச்சாரி, வேலூர்.